சாம்பல் பக்கம்

இதில் எதை என் கண்ணால் பார்த்தேன், எதை அவள் சொல்லிக் கேட்டேன் என்று இப்போது பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மேஜையில் அவளுக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. பாதியை அவள் வாயால் கேட்டேன். மீதியை அவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த விதத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அந்தப் படத்தில் இருந்த நாய் என்ன நிறம் என்பதில்கூட எனக்குச் சந்தேகம்தான். பழுப்பு என்று நினைக்கிறேன். எத்தனையோ ஆயிரம் தடவை கையில் எடுத்த படம். ஆனால் நாங்கள் யாரும் அதை முகம் பார்த்துச் சேர்த்ததில்லை.

எங்கள் பட்டறையில் சிறு பிள்ளைகளுக்கான பஸில் செய்வோம். அச்சான படத்தைத் தடித்த அட்டையில் ஒட்டி, பிரஸ்ஸில் வைத்து ஒரே அமுக்கு. படம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு விழும். அதற்கு மேல் எங்கள் வேலை. துண்டுகளை உதிர்த்து, ஓரத்துத் தூசியைத் தட்டி, மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாம் முழுசாக வெட்டுப்பட்டிருக்கிறதா, எதுவும் குறைகிறதா என்று தெரிந்த பிறகுதான் பையில் போடுவோம். புது அச்சில் விரல் பட்டால் மை மங்கும் என்பதால், கம்பளித் துணி விரித்த மேஜையில் படத்தைக் கவிழ்த்து வைத்தே சேர்ப்பது வழக்கம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அட்டையின் சாம்பல் நிற முதுகு. நீட்டிக்கொண்டிருப்பது மூக்கு, அது போய் உட்காருவது குழி. எந்த மூக்குக்கு எந்தக் குழி, அவ்வளவுதான் எங்கள் பார்வை. துண்டு குறைந்தால் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் இல்லை. பிரஸ் சத்தத்தில் யார் குரல் எடுபடும்? மேஜையின் தகர விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை நீட்டுவோம். பிரஸ்காரர் தன் தட்டில் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போவார்.

இந்த வேலையில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பன்னிரண்டு துண்டுப் பஸிலை இருபது எண்ணுவதற்குள் சேர்த்து, பார்த்து, உதிர்த்துப் பையில் போட்டுவிடுவாள். பட்டறையில் அவளுக்கு மின்னல் என்று பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறு எங்கும் அவளுடைய சொந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

அந்த மின்னல் ஒரு நாள் காலை மூன்று பைகளில் பதினோரு துண்டுகளைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

"என்னம்மா மின்னல், இன்னிக்கு மெழுகுவத்தி ஆயிட்டே?" என்றார் பிரஸ்காரர்.

"கை வலிக்குதுண்ணே."

"கை வலிச்சா வேகம்தானே குறையும்? உனக்கு எண்ணிக்கையில்ல தப்புது."

கம்பளித் துணியில் ஒரு நூல் பிரிந்திருந்தது. அதை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அறுத்தாள். மதியம் கை கழுவுகிற இடத்தில்தான் என்னிடம் சொன்னாள்: மகளுக்கு மழலையர் பள்ளியில் ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை, வேண்டியதைக் கேட்பதில்லை. குழந்தை வளர்ச்சி மையத்தில் காட்டி மதிப்பீடு வாங்கி வரவேண்டும். மதிப்பீடு சரியாக இருந்தால் அடுத்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால்…

"இல்லன்னா?"

"அதுக்கு மேல அந்தக் கடிதத்தை நான் படிக்கல," என்றாள்.

மகளுக்கு மூன்று வயது பத்து மாதம். வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தின் மேல் வைப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். ஏதோ கரண்டியை எடுத்துக்கொண்டு போகிற மாதிரி அந்தக் கையை எடுத்துக்கொண்டு போவாள். பட்டுவின் அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவருக்கு இதில் பெரிய கவலை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை, அல்லது வெளியே காட்டவில்லை.

"எங்க அண்ணன் ஆறு வயசுலதான் பேசினான். இப்ப வாயை மூடச் சொல்லு பார்ப்போம், மூடறானான்னு," என்பார்.

மின்னலுக்கும் அதை நம்ப ஆசைதான். ஆனால் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக் குழந்தை ஜன்னலுக்கு வெளியே விரலை நீட்டி "அதோ" என்றால்கூட அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அவளுக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. தெரியாமலிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மையத்தில் பிள்ளைகளைச் சோதிக்கும் பெட்டியில் ஒரு பன்னிரண்டு துண்டுப் பஸில் உண்டு. அது எங்கள் மேஜையிலிருந்துதான் போகிறது. வாளிக்குள் தலையை விட்ட நாய், பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் குழந்தை. அது கடைகளில் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. பழகிய பஸிலை வைத்து எந்தப் பிள்ளையைச் சோதிக்க முடியும்? அதனால் அந்த வரிசையில் ஏதாவது பழுதாகிக் கழிவு விழுந்தால் சூப்பர்வைசர் முன்னால் வைத்துக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டித்தான் குப்பையில் போட வேண்டும். அந்த சூப்பர்வைசருக்கு நாங்கள் நூறுதடவை என்று பெயர் வைத்திருந்தோம்.

"நூறு தடவை சொல்லிட்டேன், மையத்துப் பெட்டி வேற, கடைப் பெட்டி வேற," என்பார் தினமும்.

"இது நூத்தி ஒண்ணு சார்," என்பார் பிரஸ்காரர்.

நாயின் காது மடங்கி அச்சான ஒரு கழிவு அந்த வாரம் வந்தது. நூறுதடவை தொலைபேசியில் இருந்தார். மின்னல் அதை உதிர்த்தாள். பன்னிரண்டு துண்டுகளையும் தன் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள். நான் பார்த்தேன். பார்த்ததை அவளும் பார்த்தாள். நாங்கள் இருவரும் அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டோம்.

மதிப்பீட்டுக்கு இருபது நாள் இருந்தது.

வீட்டுக்குப் போனதும் சமையலறை மேஜையில் படத்தை நிமிர்த்தி வைத்துச் சேர்த்துப் பார்த்தாள். அவளுக்கே கை தடுமாறியது. நாயின் வால் எது, வாளியின் பிடி எது என்று கண் போய் மாட்டிக்கொள்ள, விரல்கள் வழி தெரியாமல் நின்றன. இத்தனை வருஷம் செய்த வேலை நிமிர்ந்த பக்கத்தில் வரவில்லை. எல்லாவற்றையும் கவிழ்த்தாள். சாம்பல் பக்கம் தெரிந்ததும் கை தானாக ஓடியது. பட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்தது அந்தக் கைதானே.

அப்படியே சொல்லிக்கொடுத்தாள். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் நான்கு தடவை, சாயங்காலம் வந்ததும் ஆறு தடவை. முதலில் மூலை, பிறகு ஓரம், நடுவில் இரண்டு. மூக்கு, குழி, மூக்கு, குழி. ஐந்தாம் நாள் பட்டு ஓரங்களைச் சேர்த்தாள். ஒன்பதாம் நாள் பன்னிரண்டையும் சேர்த்தாள். ஒரு துண்டு மேஜைக்கு அடியில் விழுந்துவிட்டால் மின்னல் பட்டறைப் பழக்கத்தில் மேஜையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் குனிவாள். தட்டுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் துண்டு விழுந்தபோது பட்டுவே இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கையை நீட்டினாள். மின்னல் எடுத்துக் கொடுத்துவிட்டு, "ம், அடுத்தது," என்றாள்.

பட்டுவின் அப்பா ஒரு சாயங்காலம் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"படத்தைக் காட்டாம என்னத்தைச் சொல்லிக்குடுக்கறே?"

"நாங்க இப்படித்தான் பண்ணுவோம்."

"நீ சம்பளத்துக்குப் பண்றே. அவளுக்கு இது விளையாட்டா வேணாமா?"

"விளையாட்டெல்லாம் அப்புறம். முதல்ல தாண்டட்டும்."

அவர் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்பா வந்ததைப் பட்டு கவனித்தாளா என்று மின்னல் அன்று யோசிக்கவில்லை.

மையத்தில் மதிப்பீடு செய்கிற பெண்மணி நடுத்தர வயது, கண்ணாடி போட்டவர், செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் பிள்ளைக்குச் சமமாக உட்காருகிறவர்.

"வணக்கம் டாக்டர்," என்றார் பட்டுவின் அப்பா.

"நான் டாக்டர் இல்லீங்க."

"சரிங்க டாக்டர்."

அந்த அம்மாள் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அம்மாவும் அப்பாவும் சுவரோரம் நாற்காலியில் உட்கார வேண்டும், பேசக் கூடாது. முதலில் ஒரு பந்தை உருட்டினார். பட்டு திருப்பி உருட்டவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், திரும்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் மடியில் இருந்த தாளில் ஏதோ குறித்தார். பேனா கீறுகிற சத்தம் மின்னலுக்குப் பல்லில் கேட்டது. பட்டுவின் அப்பாவின் முட்டி ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதன்மேல் கையை வைத்து அழுத்தினாள்.

பிறகு பெட்டியிலிருந்து பஸில் வந்தது. சேர்த்த படத்தைப் பட்டுவுக்கு ஒருமுறை காட்டிவிட்டு, அந்த அம்மாள் துண்டுகளை உதிர்த்து நிமிர்ந்த பக்கமாகப் பரப்பினார். பட்டு ஒரு நிமிஷம் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கவிழ்த்தாள். அவசரமே இல்லாமல் பன்னிரண்டில் பதினொன்றைக் கவிழ்த்தாள். பேனா நின்றுவிட்டது. மூலை, ஓரம், நடு. படபடவென்று சேர்த்து முடித்துப் பார்த்தால் நடுவில் ஒரு ஓட்டை. பன்னிரண்டாவது துண்டு அந்த அம்மாளின் உள்ளங்கைக்கு அடியில் இருந்தது. வேண்டுமென்றேதான் வைத்திருந்தார்.

பட்டு அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று மின்னலைக் கேட்டால் ஒரு மணி நேரம் என்பாள். ஒரு அரை நிமிஷம் இருந்திருக்கலாம்.

பட்டு தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். கையை நீட்டினாள்.

அந்த அம்மாள் துண்டை அந்தக் கையில் வைத்தார். தாளில் பெரிதாக ஏதோ எழுதினார். அப்புறம் திரும்பி, "வீட்டுல இந்த மாதிரி பஸில் இருக்குங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றாள் மின்னல்.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசியில் தகவல் வந்தது. பேச்சு பின்தங்கியிருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வடிவம் புரிகிறது, விடாமல் முயற்சி செய்கிறாள், முக்கியமாக உதவி தேவை என்றால் கேட்கிறாள். சாதாரண வகுப்பிலேயே சேர்க்கலாம். மையத்தில் எட்டுப் பிள்ளைகளை மட்டும் வைத்து, தனி ஆசிரியையோடு நடக்கிற சிறு வகுப்பு ஒன்று அடுத்த மாதம் தொடங்குகிறது. அதில் பட்டுவுக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இனி அது தேவைப்படாது. செவ்வாய்க்கிழமை அறிக்கை பள்ளிக்குப் போய்விடும்.

பட்டுவின் அப்பா அன்றைக்கே பள்ளிக்கான செருப்பு வாங்கிவந்தார், ஒரு அளவு பெரியதாக. டிப்போவில் பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். மின்னலும் சிரித்தாள். மறுநாள் பட்டறையில் பழைய வேகம் திரும்பியிருந்தது. "கரண்ட் வந்துருச்சுப்பா," என்றார் பிரஸ்காரர். எனக்கும் நிம்மதியாக இருந்தது. நான் பார்த்ததை இனி மறந்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மகளுக்குப் பரிசாகக் கடையில் ஒரு பஸில் வாங்கியிருந்தாள். பாய்மரப் படகுப் படம், அதுவும் எங்கள் பட்டறைச் சரக்குதான். பெட்டியின் பின்புறம் 'கண், கை, மனம் மூன்றும் சேர்ந்து வளர' என்று அச்சடித்திருக்கும். ஆயிரக்கணக்கில் மூடிய பெட்டி. அந்த வரியை அன்றுதான் படித்தாள். பட்டு இரண்டு பஸில்களையும் ஒன்றாகக் கொட்டிக் கவிழ்த்துவிட்டாள். இருபத்துநான்கு சாம்பல் துண்டுகள். பன்னிரண்டு துண்டுப் பஸில் எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரே வெட்டச்சுதான், அதனால் இதன் துண்டு அதிலும் அச்சாகப் பொருந்தும். மின்னலுக்கு அது தெரியும். பட்டு கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். மூலை, ஓரம், நடு. இரண்டு செவ்வகம் தயார். எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பட்டுவின் அப்பா ஒரு பஸிலின் மேல் தட்டைக் கவிழ்த்து வைத்து, அதை அப்படியே புரட்டினார். விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க வந்து பாரேன்! நாய் படகு ஓட்டுது!"

பாய்மரத்துக்கு மேல் நாயின் முதுகு. வாளி இருக்க வேண்டிய இடத்தில் கடல். சிரிக்கிற குழந்தைக்கு வாய் மட்டும் இருந்தது, கண் இருந்த இடத்தில் ஒரு பறவை.

"பட்டு, இங்க வாடா கண்ணு. இது என்ன பாரு. இது சரியா இருக்கா?"

மின்னல் அவளைத் தூக்கி வந்து மேஜை முன்னால் நிறுத்தினாள். பட்டு அந்தப் படத்தைப் பார்த்தாள். ஓரங்களை விரலால் தடவினாள். எல்லாம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தன. அவளுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. மறுபடி ஜன்னலுக்குப் போய்விட்டாள்.

மின்னல் நாய்ப் படத்தைச் சரியாக, நிமிர்த்திச் சேர்த்தாள். அவளுக்கு ரொம்ப நேரம் பிடித்தது. மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து நாயைத் தொட்டுக் காட்டினாள். வாளியைத் தொட்டுக் காட்டினாள். குழந்தை சிரிக்குது பாரு என்றாள். பட்டு அம்மாவின் விரல் நுனியைப் பார்த்தாள். விரல் எங்கே போனாலும் விரலைப் பார்த்தாள். விரல் காட்டிய இடத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பத்தொன்பது நாள், நாளுக்குப் பத்து தடவை. அந்தப் படத்தில் நாய் இருக்கிறது என்று மகளுக்குத் தெரியாது. தெரியவிடாமல் கவிழ்த்து வைத்தது யார்? சாதாரண வகுப்பில் முப்பத்தைந்து பிள்ளைகள். டீச்சர் கரும்பலகையைக் காட்டுவார். பட்டு டீச்சரின் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் தெரியாது, அறிக்கையில்தான் எல்லாம் சரி என்று இருக்குமே. எட்டுப் பேர் வகுப்பில் அவளுக்கென்று வைத்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வரவில்லை.

மையத்து வராந்தாவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை எழுந்து வாசல் வரை போனாள். மூன்றாவது தடவை எழுந்தபோது கதவு திறந்தது.

"அட, பட்டு அம்மாவா? வாங்க. அறிக்கை நாளைக்குத்தான் போகும், பயப்படாதீங்க."

உள்ளே போய் உட்கார்ந்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேஜையில் கிடந்த ஒரு தாள் எழுந்து எழுந்து படுத்தது. அந்த அம்மாள் ஒன்றும் கேட்கவில்லை, காத்திருந்தார். கேட்டிருந்தால் ஒருவேளை வேறு எதையாவது சொல்லிவிட்டு வந்திருப்பாள்.

"அந்த நாய்ப் பஸில் நாங்க செய்யறதுங்க," என்றாள். "எங்க டேபிள்லேர்ந்துதான் வருது. கழிவுல ஒண்ணை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். அதுலதான் பழக்கினேன்."

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் அந்த அம்மாள்.

"எத்தனை நாள்?"

"பத்தொன்பது."

"கவிழ்த்து வச்சுச் சேர்க்கறது?"

"அதுவும் நான்தாங்க. எங்களுக்கு அப்படித்தான் வரும்."

"நான் இந்த வேலைல பதினாறு வருஷமா இருக்கேன். ஒரு பிள்ளைகூட அப்படிப் பண்ணிப் பார்த்ததில்ல. ஏதோ அபூர்வமான பிள்ளைன்னு ஒரு வாரமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்." குரலில் கோபம் இருந்தது. ஆனால் அது யார்மேல் என்று மின்னலுக்குத் தெரியவில்லை. "பஸிலை முடிக்கிறாளான்னு யாருங்க பார்த்தா? முடிக்காத பிள்ளைங்க நிறைய உண்டு. நடுவுல என்ன பண்றா, படத்தைப் பார்க்கறாளா, மாட்டிக்கிட்டா யாரைப் பார்க்கறா, அதுக்குத்தானே அந்தத் துண்டை ஒளிச்சு வைக்கறோம்."

மின்னல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தத் தட்டல்? அதையும் பழக்கினீங்களா?"

"இல்லீங்க."

"உண்மையச் சொல்லுங்க. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"சத்தியமா இல்லீங்க. அது எங்க பட்டறைப் பழக்கம். துண்டு குறைஞ்சா தட்டுவோம். வீட்டுலயும் என்னையறியாம தட்டியிருக்கேன். அவ பார்த்துப் பார்த்துச் செஞ்சுட்டா. தட்டுடான்னு நான் சொன்னதே இல்ல."

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"வேற எதுக்காவது தட்டறாளா? தண்ணிக்கு? கதவுக்கு?"

"தெரியலீங்க. நான் கவனிக்கல."

"கவனிங்க," என்றார். அவ்வளவுதான். அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினார். பஸில் மதிப்பெண்ணை அடித்துவிட வேண்டும். பட்டுவை மறுபடி பார்க்க வேண்டும், இந்தத் தடவை பெட்டி எதுவும் இல்லாமல், நான்கைந்து நாள். அதற்குள் சிறு வகுப்பின் எட்டு இடமும் நிரம்பிவிடும். ஒதுக்கியதைப் போன வாரமே விட்டுக்கொடுத்தாகிவிட்டது. பட்டு காத்திருப்போர் பட்டியலில்தான் வருவாள். பஸில் வெளியே போனது எப்படி என்று பட்டறைக்கும் எழுதியே ஆக வேண்டும்.

"உங்க பேரைப் போடாம எழுதினா, அந்தப் பெட்டியை நம்பி இன்னும் நூறு பிள்ளைங்களைச் சோதிச்சுட்டிருப்பாங்க. யார், எப்படின்னு சொல்லித்தான் ஆகணும். புரியுதுங்களா?"

"புரியுதுங்க," என்றாள் மின்னல். "அந்த இடம்… வேற யாருக்கும் இன்னும் குடுக்கலைன்னா…"

"குடுத்தாச்சும்மா."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவர் செருப்புப் பெட்டியைக் கையில் வைத்திருந்தார், அளவு மாற்றக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"யாரு கேட்டா உன்னை? நல்லா முடிஞ்சதைப் போய்க் கெடுத்துட்டு வந்து நிக்கறே!"

"முடியலைங்க. அது முடியவே இல்ல."

"உன் வேலை?"

"போயிடும்."

"பட்டுக்குச் சீட்டு?"

"அதுவும் இப்ப இல்ல."

அவர் செருப்புப் பெட்டியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "அப்ப என்னத்துக்குடி போனே?" என்றார். தரையில் பட்டு எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒன்றுமே செய்யாமல், ஒன்றையும் சொல்லித்தராமல், மகளைச் சும்மா பார்த்துக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் என்னிடம் சொன்னாள்.

புதன்கிழமை நூறுதடவை மையத்துக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தார். ஒரு தடவைகூட எதையும் சொல்லவில்லை. மின்னல் தன் கம்பளித் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் எனக்கும் அதில் பங்கு இருந்தது தெரிந்துவிடும் என்று நினைத்திருக்கலாம். நானும் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் நடந்து ஆறு வருஷம் ஆகிறது. மையம் அந்தப் பஸிலைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் பட்டறைக்கு மையத்து வேலை அதன்பின் வரவில்லை. பிரஸ்காரர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். நூறுதடவை இன்னும் சூப்பர்வைசர்தான். மின்னல் ஒரு மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டி கட்டுகிறாள், சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் குறைவு. அவள் கணவர் மூன்று மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை, அப்புறம் பேசினார். இப்போதும் அதே பஸ்ஸைத்தான் ஓட்டுகிறார். சிறு வகுப்பில் ஒரு குடும்பம் ஊர் மாறிப் போனதால், ஏழு மாதம் கழித்துப் பட்டுவுக்கு இடம் கிடைத்தது. அங்கே இரண்டு வருஷம் படித்தாள். அந்த ஏழு மாதம் முன்னாலேயே கிடைத்திருந்தால் இன்னும் எவ்வளவு முன்னேறியிருப்பாள் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, மின்னல் கேட்பதையும் நிறுத்தவில்லை. பட்டுவுக்கு இப்போது ஒன்பது முடிந்து பத்து நடக்கிறது. குறைவாகப் பேசுகிறாள். மூன்றாம் வகுப்பில், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள். நான் பட்டறையில் மின்னலின் நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டேன்.